ஆனா சேர் படிப்பித்த எயிட்ஸ் பாடம்

ஒரு விஷயத்தை விளக்கப் புறப்பட்டு, ஏற்கெனவே விளங்கியவர்களையும் குழப்பிவிடும் ஆற்றல் கண்டி மாவட்டத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர்தான் ஆனா சேர். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். கண்டிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவரிடம் வழி கேட்ட ஒரு மனிதர், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நடுவில் நின்று நீண்ட நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைப் பாவித்தவர்கள் குறைவு. யார் எதைச் சொன்னாலும் "ஆனா..." என்றுதான் தொடங்குவார் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. முதலில் பிள்ளைகள் அவருக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நாங்கள் ஆசிரியர் அறையில் சொன்னோம். கடைசியில் ஒரு காலைக் கூட்டத்தில் அதிபரே ஒலிபெருக்கியில், "ஆனா சேர் உடனே காரியாலயத்துக்கு வரவும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த நிமிடமே இவர் காரியாலய வாசலில் நின்றார்.

"வந்துட்டேன் சேர். ஆனா, யார கூப்பிட்டீங்க?"

வத்தேகமையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கழுத்தில் டை, காலில் ஓடுவதற்கான சப்பாத்து. பஸ்ஸில் ஏறும் முன் கண்டக்டரிடம் கட்டாயம் கேட்பார். "தம்பி, இது கட்டுகஸ்தோட்டை போகுமா?" போகும் என்பான் அவன். "ஆனா, இன்னிக்குப் போகுமா?" என்பார் இவர். சிங்களத்தில் பேசினாலும் இந்தப் பழக்கம் விடாது. அங்கே "ஹெபெய்" என்று தொடங்குவார். அதனால் அந்தப் பாதையில் ஓடும் பஸ்களில் அவருக்கு "ஹெபெய் மாத்தயா", அதாவது "ஆனா ஐயா", என்று இன்னொரு பெயரும் இருந்தது.

கட்டுகஸ்தோட்டைக்கு அருகே, இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் எங்கள் பாடசாலையில் நான் புவியியல் ஆசிரியை. ஆனா சேர் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பித்தார். உண்மையில் அவர் படித்தது வணிகம். ஒரு வருடம் நேர அட்டவணை போடும்போது, "ஆனா, சுகாதாரத்த யார் எடுக்கிறது?" என்று கேட்டார். 'சொல்' என்பதை 'செல்' என்றே உச்சரிக்கும் அக்குறணைக்காரரான எங்கள் அதிபர் தலையை நிமிர்த்தாமலே, "கேட்டவர்தான்" என்று முடித்துவிட்டார்.

அப்படித்தான் எயிட்ஸ் பாடமும் அவர் தலையில் விழுந்தது.

எச்.ஐ.வி, எயிட்ஸ் பற்றி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, பாடசாலைக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வர வேண்டும் என்று வலயக் கல்விப் பணிமனையிலிருந்து அறிவித்தல் வந்தது. அதிபர் ஆசிரியர் அறைக்கு வந்து வாசித்தார். எல்லோரும் திடீரென்று கொப்பி திருத்துவதில் மூழ்கிவிட்டார்கள். கொப்பி இல்லாதவர்கள் பக்கத்தில் இருந்தவரின் கொப்பியை வாங்கித் திருத்தினார்கள்.

"யாரு போறீங்க?" என்றார் அதிபர்.

"போகலாம் சேர். ஆனா..."

"போகலாம்னு செல்லிட்டீங்க. அது போதும்."

சிரிப்பை அடக்க முடியாமல் நான் இருமினேன். "டீச்சர், நீங்களும்தான்" என்றார் அதிபர்.

பயிற்சி கண்டி நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் வைத்தியர். இளம் வயது, தெளிவான பேச்சு, பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் வேலை. "வெக்கப்படாமல் எதையும் கேளுங்கோ. பிழையான கேள்வி எண்டு ஒண்டும் இல்லை" என்று தொடங்கினார். யார் மண்டபத்தில் இருக்கிறார் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

எச்.ஐ.வி பரவும் வழிகளைச் சொன்னார். பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமி உள்ள ரத்தம், ஒரே ஊசியைப் பலர் பாவிப்பது, கர்ப்பத்திலோ பிரசவத்திலோ பாலூட்டும்போதோ தாயிலிருந்து பிள்ளைக்கு. அவ்வளவுதான் என்றார். ஆனா சேர் எழுந்தார்.

"டொக்டர், நுளம்பு கடிச்சா?"

"வராது. நுளம்புக்குள்ள அந்த வைரஸ் பெருகாது."

"ஆனா, அந்த நுளம்பு இப்பதான் அப்பிடி ஒருத்தர கடிச்சிட்டு நேரா எங்கிட்ட வந்திருந்தா?"

"அப்பவும் வராது. கடிக்கேக்க நுளம்பு தன்ர உமிழ்நீரைத்தான் உள்ள விடும். முந்திக் குடிச்ச ரத்தத்தை இல்லை."

"ஆனா, அந்த நுளம்ப நான் அடிச்சுட்டா?"

"அடியுங்கோ. டெங்குவுக்கு நல்லது."

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கண்டக்டர் எச்சில் தொட்டுத் தரும் டிக்கட், பொதுக் கழிப்பறை, தும்மல், ஒரே கிணற்றில் குளிப்பது என்று வரிசையாக வந்தார். எல்லாவற்றுக்கும் "வராது" என்றே பதில். கடைசியில் எச்.ஐ.விக்கும் எயிட்ஸுக்கும் வித்தியாசம் கேட்டார்.

"எச்.ஐ.வி எண்டது வைரஸ். மருந்தில்லாமல் கனகாலம் விட்டால் அது உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சுப் போடும். அப்ப வாற கடைசிக் கட்டத்தைத்தான் எயிட்ஸ் எண்டு சொல்லுறது. எச்.ஐ.வி இருக்கிற எல்லாருக்கும் எயிட்ஸ் இல்லை. இப்ப நல்ல மருந்து இருக்கு, அரச கிளினிக்கில இலவசம். அதை ஒவ்வொரு நாளும் ஒழுங்கா எடுத்தால் மற்ற ஆக்களைப் போல நெடுங்காலம் வாழலாம். ரத்தத்தில வைரஸ் கண்டுபிடிக்க ஏலாத அளவுக்குக் குறைஞ்சு, அப்பிடியே இருந்தால், உடலுறவால மற்ற ஆளுக்குப் பரவவும் மாட்டுது."

ஆனா சேர் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அது இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா பரவாது."

இன்னொருவர் தன்னிடம் "ஆனா" சொல்லி அவர் கேட்டது அன்றுதான் முதல்முறை. சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் அந்த வைத்தியரைப் பார்த்தார். இரண்டாம் நாள் முடிவில், "இன்னும் சந்தேகம் இருந்தால் கிளினிக்குக்கு வாங்கோ" என்று வைத்தியர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். தன் ஒருவனுக்கே வைத்த அழைப்பு என்று இவர் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும், கற்றதை மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும். ஆனா சேர் இரண்டு அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் "பரவும்", மற்றதில் "பரவாது" என்று தாள் ஒட்டினார். சிறு துண்டுகளில் எழுதிய செயல்களை நாங்கள் ஒவ்வொன்றாகச் சரியான பெட்டியில் போட்டோம். உண்மையாகவே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ மின்விசிறியைக் கூட்டிவைத்தார்கள். ஒட்டியிருந்த தாள்கள் இரண்டும் பறந்தன. அவர் ஓடிப்போய்ப் பிடித்து வந்து மறுபடி ஒட்டினார்.

அந்த நேரம் அதிபர் உள்ளே வந்தார். "பரவும்" பெட்டியில் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து வாசித்தார். "ஒன்றாக இருந்து சாப்பிடுதல்." முகம் மாறியது. இன்னொன்றை எடுத்தார். "கை குலுக்குதல்." வாசலில் சற்று முன்புதான் இரண்டு பெற்றோருக்குக் கை கொடுத்துவிட்டு வந்தவர், தன் வலக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். மற்றப் பெட்டியில் "ஒரே ஊசியைப் பலர் பாவித்தல்" என்று வந்தது.

"அல்லாஹ்வே! சேர், இது சரியா?"

"எல்லாம் சரி சேர். ஆனா, பெட்டி மாறிடுச்சு."

"எந்தப் பெட்டி?"

"ரெண்டும்."

மாற்றி ஒட்டிய பிறகு மற்றவர்களுக்கெல்லாம் விளங்கியது. ஆனால் பெட்டி மாறியிருந்த அந்தச் சில நிமிடங்களுக்குள் சங்கீத டீச்சர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டிருந்தார். அதன் விளைவு பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது மாணவர்கள். பதினோராம் தரப் புத்தகத்தில் அந்தப் பாடம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இதற்கு முன் வந்த ஆசிரியர்கள் எல்லோரும் "இத வீட்டில போய் வாசிங்க" என்று பக்கத்தைத் தள்ளிவிட்டார்கள். ஆனா சேர் தள்ளவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். ஒரே ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக "பாதுகாப்புச் சாதனம்" என்று சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

தவணைப் பரீட்சை வந்தது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"டீச்சர், எச்.ஐ.வி வராம தடுக்க என்ன அணியணும்னு கேட்டிருந்தேன். பாதி வகுப்பு தலைக்கவசம்னு எழுதியிருக்கு. ஒரு பிள்ள மழைக்கோட்டுன்னு எழுதியிருக்கு."

"நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"பாதுகாப்புச் சாதனம்னு."

"எத்தன மார்க்ஸ் போட்டீங்க?"

"தலைக்கவசத்துக்குப் பாதி. ஆனா, மழைக்கோட்டு கொஞ்சம் கிட்ட வருது இல்லையா?"

நான் மேசையில் தலையை வைத்துவிட்டேன். அவருக்கு மட்டும் அது பகிடியாகப் படவில்லை. இரண்டு நாள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. "இந்தப் பிள்ளைங்க நாளைக்கு வெளிய போவாங்க டீச்சர். ஹெல்மட் போட்டா போதும்னு நெனச்சுட்டா யாரு பொறுப்பு?" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த நாள் இடைவேளையில், எல்லோரும் வெளியே போனதும், ஆசிரியர் அறை அலுமாரியின் முன்னால் நின்று பயிற்சி செய்தார். முதலில் முணுமுணுப்பு. பிறகு நடுத்தரக் குரல். பிறகு விளையாட்டு மைதானத்தில் கூப்பிடும் குரல். "ஆணுறை! ஆணுறை! ஆணுறை!"

அதிபர் எட்டிப் பார்த்தார். "சேர், அலுமாரிக்குள்ள என்னத்த வச்சீக்கிறீங்க?"

மறுநாள் பதினோராம் தரத்தில் அந்தச் சொல்லைச் சொன்னார். பக்கத்து வகுப்பில் நான் மகாவலி கங்கை எங்கே தொடங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது எங்கள் வகுப்பிலும் கேட்டது. அவருடைய வகுப்பு ஒருதரம் சிரித்தது. பிறகு அமைதியானது. பிறகு கேள்விகள் வரத் தொடங்கின, நல்ல கேள்விகள். மணி அடித்த பிறகும் அவர் வெளியே வரவில்லை.

இதுவரை நடந்ததெல்லாம் சிரிப்பு. இனி நடந்ததை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

அடுத்த தவணைப் பெற்றோர் கூட்டம் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. கதிரை போதாமல் சிலர் சுவர் ஓரம் நின்றார்கள். அதிபர் கூரை ஒழுக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, த்ரீவீலர் ஓட்டும் ஒரு தகப்பன் எழுந்தார்.

"கூரைய விடுங்க சேர். நம்ம ஸ்கூல் ஆள் ஒருத்தர் கண்டியில அந்த எயிட்ஸ் கிளினிக்ல இருந்து வெளிய வந்தத எங்க ஸ்டாண்ட்ல உள்ள பொடியன் ஒருத்தன் கண்டிருக்கான். அது யாரு?"

மண்டபம் ஒரேயடியாகப் பேசத் தொடங்கியது. ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். பொடியனுக்குச் சரியாகத் தெரியவில்லையாம், மழையாம், குடையாம். பிள்ளையா, டீச்சரா, தாய் தகப்பனா என்று கேட்டார்கள். அதுவும் தெரியாதாம். நம்ம ஸ்கூல் வாசலில் முன்பு கண்ட ஆள் என்பது மட்டும் உறுதியாம். பெயரைச் சொல்லுங்கள் என்றது ஒரு குரல். எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் சோதிக்க வேண்டும் என்றது இன்னொரு குரல். நாளையிலிருந்து என் மகளை அனுப்ப மாட்டேன் என்று ஒரு தாய் அழுதார். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கத் தொடங்கினார்கள். யார் அண்மையில் மெலிந்தார், யார் அடிக்கடி லீவு போட்டார் என்று அந்தப் பார்வைகள் கணக்குப் போட்டன. எனக்கும் அண்மையில் உடம்பு மெலிந்திருந்தது. நான் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அதிபர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "எனக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் நான் எப்பிடி செல்லுவேன்?"

அப்போது பின்வரிசையில் ஆனா சேர் எழுந்தார்.

"அது நான்தான்."

முன்வரிசை முழுவதும் கதிரையோடு பின்னால் திரும்பியது.

"நீங்களா? எதுக்குப் போனீங்க?" என்றார் த்ரீவீலர்காரர்.

"ரத்தம் சோதிக்க."

"என்ன வந்துச்சு?"

"அத நான் இங்க சொல்லணும்னு இல்லீங்க. ஆனா..."

எல்லோரும் காத்திருந்தோம். அதிபர் காத்திருந்தார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெரிய ஊர்வலம் வரும். அன்று ஒன்றும் வரவில்லை. ஆனா சேர் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு வந்த வாரங்களில் அவரைப் பற்றி ஊரில் எழுந்த கதைகளுக்கு அளவில்லை. அவருக்கு இருக்கிறது என்றார்கள் சிலர். இல்லை, மனைவிக்கு என்றார்கள் சிலர். பயிற்சிக்குப் போன இடத்தில் தொற்றிவிட்டது என்று கூட ஒருவர் சொன்னார். அந்தப் பயிற்சியில் அவர் பக்கத்தில் இருந்தவள் நான். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்றே தெரியவில்லை.

ஆசிரியர் அறையில் சங்கீத டீச்சர் அவருக்கென்று தனியாக ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தார். காது இல்லாத, கீறல் விழுந்த கோப்பை. அவரைப் பொறுத்தவரை தேநீரும் கைகுலுக்கலும் இன்னும் "பரவும்" பெட்டியிலேயே இருந்தன. சொன்னாலும் நம்பவில்லை. "என் கண்ணாலேயே பெட்டிய பாத்தேன்" என்றார். வத்தேகமையில் முடி வெட்டும் கடையில், இவரைக் கண்டதும் மெஷின் பழுது என்று சொன்னார்களாம். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

"ஒரு வகையில வசதிதான் டீச்சர். ஆனா, பேச ஆள் இல்ல" என்றார்.

பிள்ளைகள்தான் நேராகக் கேட்டார்கள். அதையும் நான் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டேன்.

"சேர், உங்களுக்கு எச்.ஐ.வியா?"

"இருந்தா என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம் சேர். இப்பிடியே இருப்போம்."

"இல்லாட்டி?"

"அப்பவும் இப்பிடியேதான் சேர்."

"பாஸ். எல்லாரும் பாஸ்" என்றார்.

பெரியவர்கள் பாஸாகவில்லை. அவரை மாற்றச் சொல்லி இரண்டு மூன்று பெற்றோர் வலயத்துக்குப் போய்வந்தார்கள். அதிபர் அவரைக் காரியாலயத்துக்குக் கூப்பிட்டார். ஒரு கையொப்பத்துக்காக வந்த நானும் அங்கே நின்றேன். வெளியே போக எழுந்தபோது, "நில்லுங்க டீச்சர், சாட்சிக்கு" என்றார் அதிபர்.

"சேர், எனக்கு உங்கட ரிப்போட் வேணாம். ஒரே ஒரு வார்த்த செல்லுங்க. எனக்கு ஒண்ணும் இல்லன்னு செல்லுங்க. நான் எல்லாரையும் கூப்பிட்டு செல்லிடறேன். இந்தக் கத இன்னிக்கே முடிஞ்சிடும்."

"சொல்லலாம் சேர். ஆனா, நான் இல்லன்னு சொன்னா, நாளைக்குக் காலையில அவங்க வேற ஒருத்தர தேடத் தொடங்குவாங்க."

அதிபர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"அந்தப் பொடியன் கண்டது உங்களத்தானா?"

"குடை பிடிச்ச ஆள்னுதானே சொன்னாங்க. எங்கிட்டயும் குடை இருக்கு சேர்."

எனக்கு அந்த நிமிடம்தான் சந்தேகம் தட்டியது. ஆனா சேர் நனைந்தாலும் குடை விரிக்காதவர். ஒரு கையில் பை, மற்றக் கையில் பஸ் கம்பி, குடையை எந்தக் கையில் பிடிப்பது என்று தீர்மானிப்பதற்குள் வீடு வந்துவிடும் என்பார்.

அதிபரும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்து அந்தப் பெண் வைத்தியரை அழைத்தார். "டொக்டர், நீங்க ஒருக்கா வரணும். பிள்ளைகளுக்கு இல்ல, பெரிய ஆக்களுக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வத்தேகமையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி கதிரையை இழுத்துப் போட்டு, தேநீர் ஊற்றித் தந்தார்.

"டீச்சர், மிச்சமிருந்த சந்தேகத்த கேக்கன்னுதான் அந்த கிளினிக்குக்குப் போனார். அந்த டொக்டரம்மா, 'எல்லாருக்கும் டெஸ்ட் பண்ணச் சொல்றீங்களே, நீங்க பண்ணியிருக்கீங்களா'ன்னு கேட்டிருக்காங்க. உடனே கைய நீட்டிட்டார். வெளிய வரும்போது அங்க உங்க ஸ்கூல்ல தெரிஞ்ச முகம் ஒண்ணப் பாத்திருக்கார். யாருன்னு சொல்ல மாட்டேங்கறார். கல்யாணமான நாள்ல இருந்து இந்த மனுசன் வாய மூட வைக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இப்ப தொறக்க வைக்கப் பாடுபடறேன்."

"அவருக்கு..." என்று தொடங்கினேன். அந்த அம்மா என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். நான் கேள்வியைக் கைவிட்டேன்.

வைத்தியர் வந்த நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். முடிவில், "ஆர் எண்டு நீங்கள் தேடப்படாது. எங்கட கிளினிக்குக்கு வாறவை எல்லாரும் எச்.ஐ.வி உள்ள ஆக்களும் இல்லை. உங்களுக்கு என்ன சந்தேகமோ, அதை மட்டும் கேளுங்கோ" என்றார்.

ஒருவரும் கேட்கவில்லை. மண்டபம் முழுவதும் பயம் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ள வெட்கமும் இருந்தது. தாய்மார் முந்தானையைச் சுருட்டினார்கள். தகப்பன்மார் கூரையைப் பார்த்தார்கள். அது அன்றும் ஒழுகியது. வைத்தியர் தண்ணீர் குடித்தார். அதிபர் நன்றியுரை சொல்ல எழுந்தார். கூட்டம் அப்படியே கலைந்திருந்தால் எல்லோரும் வந்ததுபோலவே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"டொக்டர், நுளம்பு கடிச்சா?"

ஆனா சேர் எழுந்து நின்றார். வைத்தியருக்கு ஒரு கணம் புரியவில்லை. பயிற்சியில் கேட்ட அதே கேள்வி. பிறகு அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது.

"வராது."

"ஆனா, அந்த நுளம்பு இப்பதான் அப்பிடி ஒருத்தர கடிச்சிட்டு வந்திருந்தா?"

யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. டிக்கட்டைக் கேட்டார், கழிப்பறையைக் கேட்டார், தும்மலைக் கேட்டார். ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தால் என்று கேட்டபோது, அவர் சங்கீத டீச்சர் பக்கம் திரும்பவேயில்லை. வகுப்பில் ஒரே வாங்கில் இரண்டு பிள்ளைகள் அருகருகே உட்கார்ந்தால், விளையாடும்போது வியர்வை பட்டால், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கட்டிப்பிடித்தால் என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் "வராது" என்ற பதில் வரும்போது, எங்கோ ஒரு வரிசையில் ஒரு மூச்சு வெளிவந்தது. அவருக்கு எல்லாப் பதிலும் தெரியும். மற்றவர்கள் கேட்க வெட்கப்பட்ட கேள்விகளைப் பொறுக்கி எடுத்துத் தன்னுடையவை போலக் கேட்டுக்கொண்டிருந்தார். மண்டபம் அவரைப் பார்த்துத்தான் சிரித்தது. அவர் சிரிக்கவிட்டார்.

கடைசியில் அந்த த்ரீவீலர்காரர் எழுந்தார்.

"ஆனா டொக்டர்..." என்றவர், தான் சொன்ன சொல்லைத் தானே கேட்டுத் திடுக்கிட்டார். "அப்பிடி ஒரு ஆள் என் வண்டியில ஏறினா?"

"ஏத்திக்கொண்டு போங்கோ. மெதுவா ஓட்டுங்கோ."

அதற்குப் பிறகு கைகள் தூக்கப்பட்டன. கூட்டம் இருட்டும் வரை போனது. வாசலில் த்ரீவீலர்காரர், "சேர், வத்தேகமைக்குத்தானே? ஏறுங்க, கொண்டுபோய் விடறேன்" என்றார். இரண்டு பேரும் எந்தப் பாதையால் போவது என்று வாதாடிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அந்தக் கீறல் கோப்பையைக் காணவில்லை. வெள்ளைக் கோப்பைகள் எல்லாம் ஒரே மாதிரிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ஆனா சேர் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சங்கீத டீச்சர் கையில் எட்டிய கோப்பையில் தேநீரை ஊற்றி, "இதில குடிங்க சேர்" என்று அவரிடம் நீட்டினார். தானும் அதற்குப் பக்கத்தில் இருந்த கோப்பையை எடுத்தார். ஒருமுறை கோப்பைக்குள் பார்த்தார். ஆனாலும் குடித்தார்.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தாய் மகளை வேறு பாடசாலைக்குக் கொண்டுபோனார். முடி வெட்டும் கடை மெஷின் சரியாக இன்னும் சில மாதம் எடுத்தது. ஆனால் யாரும் அதற்குப் பிறகு தேடவில்லை. அவர் கண்ட முகம் ஒரு பிள்ளையுடையதா, ஒரு தாயுடையதா, எங்களில் ஒருவருடையதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாராக இருந்தாலும், அந்த ஆள் எங்களோடு பாடசாலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். ஆனா சேருடைய பரிசோதனையில் என்ன வந்தது என்பதும் எனக்குத் தெரியாது. பதினோராம் தரப் பிள்ளைகள் "இப்பிடியே இருப்போம்" என்று சொல்லிப் பாஸான பரீட்சையில் நானும் பாஸாகிக்கொள்கிறேன்.

போன வருடம் அவர் தன் வீட்டுக்குக் கிட்ட உள்ள பாடசாலைக்கு, தானாகவே கேட்டு, மாற்றலாகிப் போனார். அவருடைய இடத்துக்கு ஒரு புதிய டீச்சர் வந்திருக்கிறார். கெட்டிக்காரி. எல்லாச் சொல்லும் முதல் நாளே வாயில் வந்தது. ஆசிரியர் அறையில் இப்போது எல்லோருக்கும் எல்லாம் உடனே விளங்கிவிடுகிறது. சில மத்தியானங்களில் அந்த அமைதி என்னால் தாங்க முடிவதில்லை.

அப்படியான நாட்களில் நான் வத்தேகமைக்குத் தொலைபேசியில் ஒரு கோல் எடுத்து, எனக்கு மிக நன்றாக விளங்கிய ஏதாவது ஒன்றைப் பற்றி அவரிடம் சந்தேகம் கேட்கிறேன்.